புதிசா, பழசா?

நரம்பு வைத்தியப் பேராசிரியர் மூளை ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மூலையில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த நாகேஸ்வரியின் பெயர் கால் மேலாகத் தொங்கியது. சொல்லலாமா, விடலாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அவரே கண்டுபிடித்துத் திருப்பினார். திருப்பிய படத்தைக் கூரையில் எரிந்த குழல் விளக்குக்கு நேரே ஒருமுறை உயர்த்தினார். "ம்" என்றார். பிறகு உறைக்குள் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான் பார்வை. இந்தப் படத்துக்காக அவள் இரும்புக் குழாய் ஒன்றுக்குள் அசையாமல் படுத்துக் கிடந்தவள். தலைக்குப் பக்கத்தில் சம்மட்டி அடிப்பதுபோல எழுந்த சத்தத்தைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பொறுத்தவள். மூக்கு அரித்தபோதுகூடக் கையை உயர்த்தவில்லை. அசைந்தால் படம் தெளிவில்லாமல் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

"கொஞ்சம் மாற்றங்கள் இருக்கின்றன" என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் சொன்னார். சொன்னது அவளுக்கல்ல. பக்கத்துக் கதிரையில் இருந்த அவளுடைய கணவர் கனகசபாபதிக்கு. "பயப்பட ஒன்றுமில்லை. விற்றமினைத் தொடரட்டும். ஆறு மாதம் கழித்து வாருங்கள்."

"டொக்டர், அந்த மாற்றம் புதிதா?" என்று நாகேஸ்வரி கேட்டாள். "அது முன்பே இருந்ததா, இப்போது வந்ததா?"

பேராசிரியர் மறுபடியும் கனகசபாபதியைத்தான் பார்த்தார். "உங்கள் மனைவி நிறைய யோசிக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தார்.

கனகசபாபதியும் சேர்ந்து சிரித்தார். நாகேஸ்வரி படத்தின் உறையை மேசையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். எழும்பித் திரும்பினால், அடுத்த இலக்கக்காரர் ஏற்கனவே அறைக்குள் வந்து, தன்னுடைய பெரிய உறையை நெஞ்சோடு அணைத்தபடி கதவடியில் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு கதையையும் அவரும் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதே "ம்"தான் கிடைக்கப் போகிறது.

வெளியே நடைபாதையில் பினைல் மணத்தது. கதிரை கிடைக்காதவர்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். கொழும்பில் பெரிய டொக்டரைப் பார்ப்பதென்றால் இதுதான் வழி. பகலில் அவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி ஓர் இலக்கம் வாங்கிக்கொண்டு போய்க் காத்திருக்க வேண்டும். சனல் பண்ணுவது என்று அதற்குப் பெயர். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் வடக்குச் சண்டைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

"பாத்தீரே, பயப்பிட ஒண்டுமில்லை எண்டிட்டார்" என்றார் கனகசபாபதி.

"அவர் படத்தையே பாக்கேல்லை."

"பெரிய ஆக்களுக்கு ஒருக்காப் பாத்தாப் போதும், நாகேஸ்."

"தலைகீழாப் பிடிச்சவர். நீங்கள் காணேல்லையே?"

கனகசபாபதி ஓட்டோ பிடிக்க முன்னால் நடந்தார். நாகேஸ்வரி இடது காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனாள்.

எல்லாம் கண்ணில்தான் தொடங்கியது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, வவுனியாவில் கொஞ்சக் காலம் கிடந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தவள் நாகேஸ்வரி. வெள்ளவத்தையில் உறவுக்காரர் வீட்டுச் சாப்பாட்டறையில் படுத்தெழும்பித் தட்டச்சுப் படித்தாள். புதுக்கடையில் ஸாலிஹ் என்ற சட்டத்தரணியின் கந்தோரில் வேலை எடுத்தாள். காணி உறுதிகளையும் மனுக்களையும் மூன்று மொழியிலும் பிழையில்லாமல் அடிப்பாள். பிறகுதான் கனகசபாபதியைக் கட்டினாள். அவருக்கு இரும்புச் சாமான் கம்பனி ஒன்றில் விற்பனை வேலை. மனிதர்களோடு பழகுவதில் மன்னன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம்.

ஒரு நாள் காலை கந்தோரில் உறுதி ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது, எழுத்துகளின் மேல் புகை படிந்தது. துடைத்துப் பார்த்தாள். புகை தாளில் இல்லை, இடது கண்ணில் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடி மாற்றினான். புகை போகவில்லை. சில கிழமைகள் இருந்துவிட்டுத் தானாகவே போனது. பிறகு ஒரு நாள் காலி வீதியில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் பழம் விற்கிறவன் கூப்பிட்டான். "அக்கே, ஸெரெப்புவ!" திரும்பிப் பார்த்தால் அவளுடைய இடது காற்செருப்பு தூரத்தில் தனியே கிடந்தது. செருப்புக் கழன்றதோ, வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் நடந்ததோ அவளுக்குத் தெரியவேயில்லை.

சொந்தக்காரர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரஷர் என்றார்கள். வாதம் என்றார்கள். கண்ணூறு என்றும் ஒருத்தி சொன்னாள். கனகசபாபதி எல்லோருக்கும் வெறும் இடுப்பு நாரிப்பிடிப்பு என்று சொல்லிவைத்தார். பிறகு டொக்டர் சிவபாதசுந்தரத்திடம் கூட்டிக்கொண்டு போனார். சிவபாதசுந்தரம் நரம்பு நிபுணர். எங்கட ஆள் என்பது கனகசபாபதிக்குப் பெரிய ஆறுதல். யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

முதல் படம் அவர் எடுப்பித்ததுதான். அதைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே நோயின் பெயரைச் சொன்னார். மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ். அதுவும் கனகசபாபதியைப் பார்த்துத்தான், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். எம்.எஸ். என்று இரண்டு எழுத்தை எழுதித் தந்தார். மறுநாள் கந்தோர்க் கம்பியூட்டரில் தேடி வாசித்துத்தான் அவளுக்கு விளங்கியது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுகிறது. அரித்த இடங்கள் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எங்கே புள்ளி விழுகிறதோ அதைப் பொறுத்துக் கண் போகும், கால் போகும், சிலவேளை திரும்பியும் வரும்.

ஒரு விசயத்தை மட்டும் சிவபாதசுந்தரம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இப்ப ஊசி தேவையில்லை. பொறுத்துப் பாப்பம். ஆனா இனிப் புதிசா ஒரு புள்ளி விழுந்தா ஊசி தொடங்கத்தான் வேணும். பிந்தினாக் காலைத் திருப்பி எடுக்கேலாது."

ஆகவே நாகேஸ்வரிக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு பதில்தான். படத்தில் தெரிவது புதிசா, பழசா? புதிதென்றால் ஊசி. பழையதென்றால் பொறுமை. கால் இழுக்கத் தொடங்கியதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். எந்த நிபுணரும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதில் டொக்டர்மாரின் பங்கு பாதி. மறுபாதி கனகசபாபதியினுடையது.

கண் புகைந்த காலத்தில் ஒரு கண் வைத்தியர் கொடுத்த கடிதத்தை முதல் நாளே சிவபாதசுந்தரத்திடம் நீட்டியிருந்தார்கள். அவர் இரண்டு வரி வாசித்தார். முகம் சிவந்தது. "இவர் எனக்குப் படிப்பிக்கிறாரோ? அப்ப அவரிட்டையே போங்கோவன்" என்று கடிதத்தை மேசையில் எறிந்தார். அது வழுக்கி நிலத்தில் விழுந்தது. கனகசபாபதி குனிந்து பொறுக்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு சட்டம் போட்டார்.

"இஞ்சேரும், டொக்டர்மாரும் மாப்பிள்ளை வீட்டாக்களும் ஒண்டு. முந்தி வந்து பாத்திட்டுப் போனவையைப் பற்றி வாயே திறக்கப்படாது. ஆரிட்டப் போனாலும் நீங்கள்தான் முதல் எண்டு சொல்லோணும். அப்பதான் மனம் வைச்சுப் பாப்பினம்."

நாகேஸ்வரி அப்போது சிரித்தாள். ஆனால் மறுக்கவில்லை. அவளுக்கும் பயம்தான். நல்ல டொக்டர் ஒருவர் கோபித்துக்கொண்டு கைவிட்டால் பிறகு யாரிடம் போவது?

கால் இழுக்கத் தொடங்கியதும் கனகசபாபதி இன்னும் பெரிய ஆளிடம் காட்ட வேண்டும் என்று பேராசிரியரை சனல் பண்ணினார். சிவபாதசுந்தரம் எடுப்பித்த பழைய படம் அலுமாரிக்குப் பின்னால் போனது. "முன்பு எங்கேயாவது காட்டினீர்களா?" என்று பேராசிரியர் கேட்டதும், "இல்லை டொக்டர், உங்களிடம்தான் முதல்முறை" என்று கனகசபாபதி பெண் வீட்டுத் தகப்பன் மாதிரி நெளிந்துகொண்டு சொன்னார். நாகேஸ்வரி தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பேராசிரியர் வேறோர் இடத்தில் இரண்டாவது படம் எடுக்கச் சொன்னார்.

அந்தப் படத்தோடு வந்த அறிக்கையின் கடைசி வரியில், பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும் என்று எழுதியிருந்தது. நாகேஸ்வரி அதை வாசித்துக் காட்டினாள்.

"அது எல்லாருக்கும் எழுதுறதப்பா. மருந்துப் போத்திலில குலுக்கிக் குடி எண்டு போடுறேல்லையே, அது மாதிரி" என்றார் கனகசபாபதி.

பேராசிரியரின் "ம்" கிடைத்த பிறகு, பழகின மனுசனாவது ஏதாவது சொல்லுவார் என்று சிவபாதசுந்தரத்திடம் திரும்பப் போனார்கள். இந்த முறை புதிய படம் அலுமாரிக்குப் பின்னால் போனது. பழையது வெளியே வந்தது.

"கால் இழுக்குது எண்டுறீர். புதுப் படம் எடுத்தனீங்களோ?" என்று சிவபாதசுந்தரம் கேட்டார்.

"இல்லை டொக்டர்" என்றார் கனகசபாபதி.

"பழைய படத்தை வைச்சு நான் என்ன சாத்திரமே சொல்லுறது? எடுத்துக்கொண்டு வாங்கோ பாப்பம். பெரிசா ஒண்டும் இராது." அதற்குள் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. யாரோடோ கலியாண மண்டபம் ஒன்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டே, போகலாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நாகேஸ்வரி உறையைக் கட்டிலில் எறிந்தாள். குளியலறைக்குள் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். படத்தைத் தலைகீழாகப் பிடித்த பேராசிரியர், கலியாண மண்டபம் பேசிய சிவபாதசுந்தரம், இல்லை டொக்டர் என்று தேன் ஒழுகச் சொன்ன புருசன், எல்லோரிலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மூன்று மொழியும் தெரிந்த வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த தன்னில்தான் கூடுதல் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கந்தோரில் பஹ்மியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பஹ்மியா அடுத்த மேசைக்காரி. வழக்குக் கோவைகளை அடுக்கிப் பார்க்கிறவள். இடியப்பப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள்.

"பொறுங்க, பொறுங்க. ஒரு டொக்டருக்குப் பழைய படம். மத்தவருக்குப் புதுப் படம். ரெண்டையும் ஒரு ஆளும் பாக்கல்ல. சரியா?"

"ஓம்."

"யா அல்லாஹ்! நாகேஸ், நம்மட ஸாலிஹ் ஸேர் அப்பீலுக்குப் போகக்குள்ள கீழ்க் கோட்டுத் தீர்ப்ப அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டுப் போனா ஜட்ஜ் என்ன செய்வாரு?"

"சிரிப்பார்."

"சிரிக்கிறதா? மனுவத் தூக்கி மூஞ்சில எறிவாரு. நீங்களும் ஒங்கட மாப்புளயும் செஞ்சுக்கிட்டு ஈக்கிற வேல அதுதான். பொறகு தீர்ப்பு வரல்ல, தீர்ப்பு வரல்லண்டு அழுறீங்க."

"ரெண்டையும் காட்டினால் ஏசுவார், பஹ்மியா."

"ஏசட்டுமே! ஏசி முடிஞ்சாப் பாக்கத்தானே வேணும்? ஸேர் நமக்கு ஏசாத நாள் ஒண்டு ஈக்கா? ஏச்சுக்குப் பயந்தா நாம இந்தக் கதிரயில ஒக்காந்திருப்பமா?" பஹ்மியா இடியப்பத்தில் சம்பலைப் பிசைந்தாள். "மாப்புளயக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. அவரு போனா டொக்டர் அவரோடதான் பேசுவாரு."

நாகேஸ்வரி கணவருக்குத் தெரியாமல் பேராசிரியரை சனல் பண்ணினாள். குறித்த நாளன்று காலையில், அலுமாரிக்குப் பின்னால் இருந்த படத்தையும் எடுத்து, இரண்டு படங்களையும் ஒரே உறைக்குள் போட்டு, வேலைக்குப் போகிறவள்போலப் புறப்பட்டாள். கந்தோர் முடிந்ததும் ராசிக்கின் ஓட்டோவில் ஏறினாள். ராசிக் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு முன்னால் ஓட்டோ விடுகிறவர். கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்தவர்.

வழியில் சோதனைச் சாவடி. அந்த நாட்களில் பெரிய உறையோடு போகும் தமிழ்ச் சனத்தை நிறுத்தாமல் விடமாட்டார்கள். ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவைப் பார்த்தான். பிறகு உறையைத் தட்டினான்.

"மேக்க மொகக்த?"

ஸ்கேன் படம் என்றாள். அவன் ஒரு படத்தை வெளியே இழுத்தான். பின்னேர வெயிலுக்கு நேரே பிடித்தான். வரிசை வரிசையாக இருந்த மண்டையோட்டுப் படங்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தான். பின்னால் நின்ற வாகனங்கள் ஹோன் அடித்தன. அவன் அவசரப்படவில்லை.

"கவுத லெடா?" யார் நோயாளி என்று கேட்டான்.

"மம" என்றாள் நாகேஸ்வரி. நான்தான்.

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். படத்தை மடங்காமல் உறைக்குள் வைத்துத் தந்தான்.

ஓட்டோ கொஞ்சத் தூரம் போனதும் ராசிக் கண்ணாடியில் பார்த்தார். "மிஸ், அவன் பாத்த பார்வைக்கு மருந்தும் எழுதித் தருவானோண்டு நெனச்சன்."

நாகேஸ்வரி சிரித்தாள். பிறகுதான் பட்டது, பெரிய டொக்டரைவிடக் காவலுக்கு நிற்கிறவன் அவளுடைய தலையைக் கூடுதல் நேரம் பார்த்திருக்கிறான்.

இலக்கம் வந்தது. தாதி கதவைத் திறந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கூட யாரும் இல்லையா?"

"நோயாளி வந்திருக்கிறன். அது போதாதா?" என்றபடி நாகேஸ்வரி உள்ளே போனாள்.

பேராசிரியர் தலையை நிமிர்த்தாமல் கையை நீட்டினார். அவள் உறையைக் கொடுக்கவில்லை. இரண்டு படங்களையும் தானே எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். அவர் எழுதிவைத்திருந்த மருந்துத் துண்டுகள் அவற்றுக்கு அடியில் மறைந்தன.

"இது நீங்கள் எடுக்கச் சொன்னது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இது அதற்கு முந்தியது. டொக்டர் சிவபாதசுந்தரம் எடுப்பித்தது. முதல்முறை உங்களிடம்தான் வருகிறோம் என்று சொன்னது பொய்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொல்லிவிட்டு என்னிடம் பதில் எதிர்பார்க்கிறீர்களா? உங்கள் கணவர் எங்கே? அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

"கணவருக்கு நோய் இல்லை."

"இப்படிப்பட்ட நோயாளிகளால்தான் எங்களுக்கு இந்தக் கதி. ஒருவரை நம்புவதில்லை. கடைக்குக் கடை ஏறி இறங்குவது."

"ஏசுங்கள் டொக்டர். ஏச வேண்டிய பிழைதான். ஏசிவிட்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புதிசா, பழசா என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் எழும்ப மாட்டேன்."

கதவடியில் அடுத்த இலக்கக்காரி ஏற்கனவே வந்து நின்றாள். தாதி நாகேஸ்வரியின் தோளைத் தொட்டாள். நாகேஸ்வரி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். உண்மையில் எழும்ப நினைத்தாலும் அந்த நேரத்தில் அவளுடைய கால் எழும்பியிருக்காது.

பேராசிரியர் பழைய படத்தின் மூலையில் இருந்த டொக்டரின் பெயரை வாசித்தார். "சிவாவா?" என்றார். முகம் இளகியது. "சிவாவிடமா காட்டினீர்கள்? எங்களுக்குக் கிழமைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. ஒன்றாகத்தான் மத்தியானம் சாப்பிடுகிறோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கேட்டிருப்பேனே."

நாகேஸ்வரி கைப்பிடியை விட்டாள். எந்த இருவருக்குள் கதை போய்விடக் கூடாதென்று கனகசபாபதி படங்களை மாற்றி மாற்றி ஒளித்தாரோ, அந்த இருவரும் ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்துக்கு நடுங்கி அவள் காலை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

பேராசிரியர் எழுந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், படம் பார்ப்பதற்கென்றே செய்த விளக்குப் பெட்டி இருந்தது. அதன் முகத்தில் மருந்துக் கம்பனி ஒன்றின் கலண்டர் தொங்கியது. கலண்டரைக் கழற்றினார். சுவிச்சைத் தட்டினார். விளக்கு இரண்டு தரம் இமைத்துவிட்டு எரிந்தது. கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு இரண்டு படங்களையும் செருகினார். பேனா மூடியால் ஒன்றைத் தொட்டார். மற்றப் படத்தில் அதே இடத்தைத் தேடினார். திரும்ப இங்கே வந்தார்.

"இது இரண்டிலும் இருக்கிறது. பழசு. இதுவும் பழசு." பேனா கீழே இறங்கியது. நின்றது. "இது அங்கே இல்லை." இன்னும் கொஞ்சம் இறங்கியது. "இதுவும் இல்லை."

"அப்படியென்றால்?"

"இரண்டும் புதிது."

இவ்வளவு நாளும் இவ்வளவு பேரிடம் கேட்ட கேள்விக்கான பதில் ஒரு தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது. நாகேஸ்வரி அழுவாளென்று எதிர்பார்த்தோ என்னவோ தாதி பக்கத்தில் வந்தாள். அவள் அழவில்லை. எங்கேயாவது காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"கால் இழுப்பது இவற்றாலா?"

பேராசிரியர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நிச்சயமாகச் சொல்ல முடியாது. காலுக்குப் போகிற நரம்பு கழுத்து வழியாகப் போகிறது. கழுத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தைப் படம் எடுக்கவேயில்லையே."

"யார் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்?"

பேராசிரியர் விளக்கை அணைத்தார். கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சில நாட்களுக்கு மருந்தைச் சேலைனோடு ஏற்றுவார்கள். கழுத்துக்கும் படம் எடுப்பார்கள். அதன்பிறகு ஊசி. முதல் தடவையாக அவர் இதையெல்லாம் அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஊசி போட்டால் கால் பழையபடி வருமா?"

"அதை இப்போது சொல்வதற்கில்லை."

"சொல்ல மாட்டீர்களா, தெரியாதா?"

பேராசிரியர் பேனாவை மூடினார். "தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கனகசபாபதி கதவடியில் நின்றார். கந்தோருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். வெளிக்கிட்டாச்சு என்று பஹ்மியா சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்திருக்கிறார் என்பது அலுமாரி விலகி நின்றதிலிருந்து தெரிந்தது.

"எங்க போனனீர்? படத்தை எங்க கொண்டு போனனீர்?"

"பேராசிரியரிட்ட. ரெண்டையும்."

கனகசபாபதி தலையில் கைவைத்தார். "ஐயோ, அதில சிவபாதத்தின்ர பேர் கிடக்குதே!"

"கிடந்தது. வாசிச்சவர்."

"கோவிச்சவரோ? இனி எங்களைப் பாப்பாரோ? சிவபாதத்துக்கும் தெரிஞ்சிடுமே. கோயிலில கண்டா நான் என்ன முகத்தோட…"

"ரெண்டு பேரும் கிழமைக்குக் கிழமை ஒண்டாச் சாப்பிடுறவையாம்."

"ஆர்?"

"நீங்கள் ஒளிச்சு விளையாடின ரெண்டு பேரும்."

கனகசபாபதி கதவைச் சாத்தினார். நாகேஸ்வரி கதிரையில் இருந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சவரோ எண்டு கேட்டனீங்கள். கோயிலைப் பற்றிக் கேட்டனீங்கள்" என்றாள். "புதிசா எண்டு இன்னும் கேக்கேல்லை."

அவருடைய முகம் மெல்ல மெல்ல இறங்கியது. "புதிசா?" என்று கேட்டார்.

"ஓம். ரெண்டு."

கனகசபாபதி நிலத்தில் குந்தினார். சேர்ட் பொத்தானைத் திருகினார். "அப்ப நான்தான் பிந்தப் பண்ணினனோ, நாகேஸ்?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொன்னால் அவர் இரவு நித்திரை கொள்ளுவார். இவ்வளவு நாளும் எல்லோரும் அவளுக்குச் சொன்னதும் அந்த மாதிரி நித்திரைக் கதைதான் என்று நினைத்தபோது அந்தச் சொல் நாக்கிலேயே நாறியது.

"ஓம்" என்றாள். "நானும்தான். டொக்டர்மாரும்தான்."

அவர் தலையைக் குனிந்தபடி ஆட்டினார். பிறகு கேட்டார். இந்த முறை ஒழுங்காகக் கேட்டார். ஊசி எப்போது, கழுத்துப் படம் எதற்கு, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் விடுவார்கள். தெரிந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கழுத்துப் படத்தை வேணுமெண்டா வேற ஒரு ஆளிட்டையும்…" என்று தொடங்கினார் கனகசபாபதி.

"காட்டலாம். ஆனா மூண்டு படத்தையும் சேர்த்துத்தான் காட்டுவன். நான்தான் கதைப்பன்."

"சரி, சரி." அவர் மூக்கை உறிஞ்சினார். "கால் திரும்பி வருமாமோ?"

"தெரியாதாம்."

"அதென்ன, அவ்வளவு பெரிய டொக்டர் தெரியாது எண்டுறது?"

"அந்த மனுசன் வாயால வந்ததில அது ஒண்டுதான் எனக்கு ஒழுங்கா விளங்கினது" என்றாள் நாகேஸ்வரி. "எழும்புங்கோ. கட்டிலுக்குக் கீழ பாக் ஒண்டு கிடக்கு, இழுத்து எடுங்கோ. எனக்குக் குனியேலாது. திங்கட்கிழமைக்கு உடுப்பு அடுக்கோணும்."